இருபதுக்குப் பதினான்கு எடுத்த அகராதி

2005ஆம் ஆண்டு யூலை மாதம் ஒன்பதாம் திகதி, சனிக்கிழமை, காலை ஒன்பதரை மணி. மேற்கிலிருந்து வறண்ட கச்சான் காற்று வீசிக்கொண்டிருந்தது. வாவி வற்றி, கரைச்சேறு வெடித்துக் கிடந்தது. தபாற்காரர் கொடுத்துவிட்டுப் போன பொதியை மாமா பாயில் வைத்துப் பிரித்தார்.

மாமா என்றால் அம்மாவின் கடைசித் தம்பி. வயது இருபத்துநான்கு. எந்த நாட்டுக்கும் சொந்தமில்லாமல் எல்லா நாட்டாருக்கும் பொதுவாக இருக்கட்டும் என்று ஒருவர் உண்டாக்கிய எஸ்பெராண்டோ என்ற மொழியை அவர் தபால் மூலம் படித்திருந்தார். ஞாயிறுதோறும் எங்கள் வீட்டு முன்னறையில் ஆறு பிள்ளைகளுக்கு அதைச் சொல்லிக்கொடுத்தார். ஆறில் ஒருவன் நான். எனக்குப் பதினொரு வயது. எதையும் எண்ணிக்கொண்டும் எதற்கும் கவலைப்பட்டுக்கொண்டும் இருந்ததால் வீட்டில் என்னைக் 'கிழவன்' என்றே கூப்பிட்டார்கள்.

அப்போதைய என் கவலை அகராதி. மாமாவிடம் இருந்த ஒரேயொரு தடித்த அகராதியைச் சுனாமி கொண்டுபோய்விட்டது. அதன்பிறகு வகுப்பு மாமாவின் ஞாபகத்தில்தான் ஓடியது. ஒரு சொல் அவருக்கு வராவிட்டால் பாடம் அங்கேயே நின்றது. வாரத்துக்கு வாரம் வராத சொற்கள் கூடுவதை நான் கவனித்தேன். இப்படியே போனால் வகுப்பு ஒருநாள் அடியோடு நின்றுவிடும் என்று பயந்தேன்.

அதனால்தான் அந்தப் பொதியை அப்படி எதிர்பார்த்திருந்தேன். மாமாவுக்குக் கடிதம் எழுதும் ஜேர்மன்காரப் பெண்மணி, ஓய்வுபெற்ற ஆசிரியை, தான் பாவித்த இரண்டு மின் அகராதிகளை அனுப்பியிருந்தார். பொருத்தமானதை வைத்துக்கொண்டு மற்றதைக் கண்டியில் இதேபோல வகுப்பு நடத்தும் ஒருவருக்கு அனுப்பிவிட வேண்டும்.

ஒன்று சாம்பல் நிறம். வெயில் பட்டால் வேலை செய்யும். எஸ்பெராண்டோவோடு சேர்த்து ஐந்து மொழிகள். மற்றது கறுப்பு. பன்னிரண்டு மொழிகள், நான்கு பென்சில் பற்றரி. பொத்தானை அழுத்தினால் சொல்லை ஒரு பெண் குரல் வாசிக்கும். இரண்டிலும் தமிழ் இல்லை; பொருளை ஆங்கிலத்தில்தான் பார்க்க வேண்டும்.

"என்னகா இது, வாயும் இருக்கு?" என்றார் அம்மா. "உதை வெளிய கொண்டு திரியாத தம்பி. கேக்கிறவனுக்கு என்னெண்டு சொல்லுவாய்?"

அம்மாவின் பயத்துக்குக் காரணம் இருந்தது. அந்த மாதம் எங்கள் ஒழுங்கையில், அந்தச் சின்னத் தெருவில், இரண்டு இளைஞர்கள் வீட்டுக்குத் திரும்பவில்லை. யார் கொண்டுபோனார்கள் என்று ஒருவரும் உரத்துக் கேட்கவில்லை.

கறுப்பில் பற்றரி இல்லை. மாமாவின் சட்டைப்பையிலும் காசு இல்லை. என் உண்டியலை உடைத்துக்கொண்டு சைக்கிளில், பாலத்துக்கு அப்பால் கடைகள் இருக்கும் புளியந்தீவுக்குப் போனோம். கடையிலேயே பற்றரியைப் போட்டுப் பார்த்துவிட்டு, மாமா அந்தக் கறுப்புப் பெட்டியைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். திரும்பும்போது பாலத்துக் காவலரணில் மறித்தார்கள்.

காவலுக்கு நின்ற ஆமிக்காரன் பெட்டியை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். எதையோ அழுத்தினான். பெண் குரல் ஜேர்மன் மொழியில் காலை வணக்கம் சொன்னது. அவன் திடுக்கிட்டு, பிறகு சிரித்தான்.

"சிங்களம் இருக்கா?"

"இல்லை ஐயா."

"தமிழ்?"

"அதும் இல்லை."

பட்டியலை மேலும் கீழும் உருட்டிப் பார்த்தான். "எனக்கும் இல்லை, உனக்கும் இல்லை. அப்ப சரி," என்று பெட்டியை நீட்டினான். எங்கள் இரண்டு மொழியும் இல்லாதது எங்களைக் காப்பாற்றியது என்று நான் மூச்சு விட்டேன். ஆனால் அவன் அடையாள அட்டையைக் கேட்டான். அதை நெடுநேரம் பார்த்தான்.

"வயசு?"

"இருபத்திநாலு."

"இருபத்திநாலு," என்று அவனும் சொல்லிப் பார்த்துவிட்டுப் போகச் சொன்னான். மாமா பெரிய வீதியை விட்டு, ஒழுங்கைகளுக்குள்ளால் சுற்றி வீட்டுக்கு மிதித்தார். வந்ததும் அம்மாவைச் சமையலறைக்குள் கூப்பிட்டு ஏதோ மெதுவாகச் சொன்னார்.

பின்னேரம் நான் பரீட்சை வைத்தேன். பாடப் புத்தகத்திலிருந்து இருபது சொற்கள். வேர்ச்சொல்லை மட்டும் தெரிந்துகொண்டு ஒட்டுகளைப் பிரித்துப் பார்க்குமா, எஸ்பெராண்டோவில் வரும், தலையில் தொப்பிபோலக் குறி வைத்த எழுத்துகளை ஏற்குமா, பன்மையில் கொடுத்தாலும் பொருள் சொல்லுமா என்றெல்லாம் பார்த்தேன். படிக்கிற பிள்ளை சொல்லைப் புத்தகத்தில் இருக்கிறபடிதானே தேடும். சாம்பல் பத்தொன்பது எடுத்தது. கறுப்பு பதினான்கு. அதற்குத் தொப்பி எழுத்தே தெரியவில்லை.

"மாமா, சாம்பல்தான். பற்றரியும் வேணாம், சத்தமும் போடாது."

மாமா என் தாளைப் பார்த்தார். "நல்லாத்தான் பாத்திருக்காய் மனே. ஆனா கறுப்பு நிக்கட்டும். இது கதைக்கும்."

"கதைச்சா என்ன? அம்மாவுக்குப் பயம்." எனக்கு அழுகை வந்தது. உதவிக்கு அம்மாவைப் பார்த்தேன்.

அம்மா தம்பியின் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். "அவன் சொல்றதுதான் சரி," என்றார். "கறுப்பே நிக்கட்டும். நீ போய் முகத்தைக் கழுவுகா, கிழவா."

காலையில் பயந்தவர் மாலையில் ஏன் மாறினார் என்று எனக்கு விளங்கவில்லை. திங்கட்கிழமை சாம்பல் பெட்டி கண்டிக்குப் போயிற்று.

அதன்பிறகு மாமா காதில் இயர்போனைப் போட்டுக்கொண்டு எந்நேரமும் கறுப்புப் பெட்டியோடு இருந்தார். உதடு மட்டும் அசையும். ஒருநாள் எட்டிப் பார்த்தேன். திரையில் எஸ்பெராண்டோ இல்லை, ஜேர்மன் இருந்தது. வேலை, வாடகை, கையொப்பம், சகோதரி என்ற சொற்களைத் திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டிருந்தார். மேல்வகுப்புப் பாடத்துக்கு ஆயத்தம் என்று நினைத்துச் சந்தோஷப்பட்டேன். பற்றரி தீர்ந்தபோது மறுபடி நாலு வாங்கிக்கொடுத்தேன்.

அந்த நாட்களில் அப்பா ஊர் வயல்வெளியான வட்டையில் இருந்த இரண்டு ஏக்கரை விற்றார். விளைச்சல் போதாது என்றார். அம்மாவின் சங்கிலியைக் காணவில்லை. கேட்டதற்கு, அறுந்துவிட்டது, திருத்தக் கொடுத்திருக்கிறது என்றார் அம்மா. செப்டம்பரில் மாமா ஒரு கூட்டத்துக்கென்று கொழும்புக்குப் போனார். "ரெண்டு கிழமையில வந்திருவன். வகுப்பைப் பாத்துக்கொள்," என்றார். பெட்டியையும் கொண்டுபோனார். அம்மா வாசற்படலை வரை வந்து, போகும்போது திரும்பிப் பார்க்காதே என்று சொன்னார்.

நவம்பர் மழை தொடங்கும்வரை ஞாயிற்றுக்கிழமைகளில் பாய்களை விரித்து வைத்தேன். முதலில் ஆறு பேர் வந்தார்கள், பிறகு மூன்று பேர், பிறகு நான் மட்டும். அடுத்தடுத்த ஆண்டுகளில் எங்கள் ஒழுங்கையில் மாமாவின் வயதுக்காரர்கள் ஐந்து பேர் இல்லாமற் போனார்கள். யுத்தம் முடிந்த அடுத்த வருடம் மாமா ஜேர்மனியிலிருந்து ஒருமுறை வந்தார். தன் மகளோடு அவர் ஜேர்மன் மொழியில் பேசினார். அந்தப் பெட்டியிலிருந்த பெண் குரலின் ஏற்ற இறக்கம் அவர் பேச்சில் அப்படியே இருந்தது.

வயலும் சங்கிலியும் எதற்காகப் போயின என்று அன்றுதான் கூட்டிப் பார்த்தேன். அவரை உயிரோடு அனுப்பிவைக்க எல்லோரும் ஏதோ கொடுத்திருந்தார்கள். பதினொரு வயதில் ஒன்றும் தெரியாமல், பாடம் நின்றுவிடக் கூடாதே என்று நானும் கொடுத்திருக்கிறேன்: எட்டுப் பற்றரி, நூற்றறுபது ரூபாய்.