கொடிக்கயிற்றில் ஓர் அலை

போன ஞாயிற்றுக்கிழமை கொல்லையில் நின்றுகொண்டு, துணி காயப்போடும் கொடிக்கயிற்றின் ஒரு முனையை அவிழ்த்துக் கையில் பிடித்து, மேலும் கீழுமாக ஆட்டிக்கொண்டிருந்தேன். வேலிக்கு அந்தப் பக்கம் வந்த பக்கத்து வீட்டு செல்வராஜ் கொஞ்ச நேரம் பார்த்தார். "என்ன சார், பாம்பா?" என்றார்.

"இல்லைங்க... பிசிக்ஸ்."

உள்ளே போய்விட்டார். எழுதுகிற ஆள் என்றாலே எங்கள் குடவாசல் பக்கம் ஒரு மாதிரியாகத்தான் பார்ப்பார்கள். இப்போது சந்தேகம் தீர்ந்திருக்கும்.

விஷயம் இதுதான். என் மனைவி மாலதி எம்.எஸ்ஸி. பிசிக்ஸ். கல்யாணம், பிள்ளைகள், என் அம்மாவின் வைத்தியம் என்று வருஷங்கள் ஓடியதில் அந்தப் படிப்பு பீரோவுக்குள்ளேயே கிடந்தது. பிள்ளைகள் வேலைக்குப் போன பிறகு, திருவாரூர் பக்கம் ஒரு பள்ளிக்கு விண்ணப்பித்தாள். கூப்பிட்டுவிட்டார்கள்! புதன்கிழமை டெமோ கிளாஸ். தலைப்பு – அலைகள்.

சந்தோஷப்பட வேண்டியவள், சோறு இறங்காமல் உட்கார்ந்திருந்தாள்.

"பாடம் தெரியுங்க. ஆனா யாராச்சும் குறுக்க ஒரு கேள்வி கேட்டா வாயடைச்சுப் போயிடுவேனோன்னு பயமா இருக்கு. இதை விட்டா இந்த வயசுல யாரு என்னைக் கூப்பிடப் போறா?"

"கவலைய விடு. நான் ஸ்டூடண்ட்டா உக்கார்றேன், நீ நடத்து" என்றேன். எத்தனை மேடை ஏறியவன்! நாலு டிப்ஸ் கொடுக்கலாம் என்ற நினைப்பு. பள்ளிக்கூடத்தில் அறிவியலில் நான் எப்படித் தேறினேன் என்பது... அதை விடுங்கள்.

மாலதி ஆரம்பித்தாள். "ஒரு செகண்டுக்கு எத்தனை அலை உண்டாகுதோ, அது அதிர்வெண். ஒரு மேட்டுக்கும் அடுத்த மேட்டுக்கும் உள்ள தூரம் அலைநீளம். ரெண்டையும் பெருக்கினா அலையோட வேகம்."

கையைத் தூக்கினேன். "அப்ப, வேக வேகமா ஆட்டினா அலை சீக்கிரம் போய்ச் சேந்துரும். அதிர்வெண் கூடினா வேகம் கூடும். சரிதானே?"

"இல்லீங்க."

"எப்படி இல்லை? பெருக்கல்தானே! மேட்டூர்ல கூடுதலாத் தொறந்தா கடைமடைக்குச் சீக்கிரம் தண்ணி வருதா இல்லையா?"

டெல்டாவில் பிறந்தவனுக்கு எதை எடுத்தாலும் மேட்டூர் கணக்குதான். அணை திறந்த அன்றிலிருந்து டீக்கடையில் இதே பேச்சு – எவ்வளவு விட்டிருக்கான், கல்லணை தாண்டிருச்சா, நம்ம வாய்க்காலுக்கு எப்ப வரும்? அதே கணக்கை அலைக்கும் போட்டுவிட்டேன்.

"ஏங்க, அது தண்ணியே கெளம்பி வர்றது. அலையில பொருள் போறதில்ல, ஆட்டம் மட்டுந்தான் போகுது. எழுந்து வாங்க கொல்லைக்கு!"

அப்படித்தான் கயிறு என் கைக்கு வந்தது. மெதுவாக ஆட்டினேன். நீள நீளமாக அலைகள் போயின. வேகமாக ஆட்டினேன். மேடுகள் நெருக்கமாயின... ஆனால் எதிர்க் கம்பத்துக்குப் போய்ச் சேர்ந்த நேரம் என்னவோ அதேதான். தோள்பட்டை வலி மட்டும் மிச்சம்.

"கயிறு எப்படிப்பட்டது, எவ்வளவு விறைப்பா இருக்கு – அதுதான் வேகத்தை முடிவு பண்ணும். நீங்க அதிர்வெண்ணைக் கூட்டினா, அலைநீளம் குறைஞ்சு சரிக்கட்டிக்கும். சீக்கிரம் போகணும்னா கயித்தை இழுத்துப் புடிக்கணும்."

கற்றுக்கொண்ட உற்சாகத்தில் ஒரே இழுப்பு. கயிறு அறுந்தது. நான் வாழைக்கன்றுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். டெமோ என்று தெரிந்த நாளிலிருந்து சிரிக்காதவள், வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

"நாம கோயிலுக்குப் போறோம்னு வைங்க. நீங்க எட்டி எட்டி நாலடி வைக்கிற நேரத்துல, நான் குட்டிக் குட்டியா எட்டடி வைப்பேன். ஒண்ணாத்தானே போய்ச் சேர்றோம்?"

உண்மையில் அவளை விட்டுவிட்டு நான் விறுவிறுவென்று முன்னால் போய்விடுவதுதான் வழக்கம். பாடம் கெட்டுவிடுமே என்று வாயை மூடிக்கொண்டேன்.

ஆனாலும் விடுவேனா? "சரி, சத்தம்? கீச்சுச் சத்தத்துக்கு அதிர்வெண் ஜாஸ்தி. அதுதானே முன்னால வரணும்?"

வயலுக்கு அந்தப் பக்கம் பிள்ளையார் கோயிலில் கும்பாபிஷேக மேளம் நடந்துகொண்டிருந்தது. மாலதி விரலை உயர்த்தினாள். "கேளுங்க. நாயனம் கீச்சு. தவிலோட 'தொம்' கட்டை. நீங்க சொல்றபடி பார்த்தா நாயனம் மொதல்ல வந்து, தவில் பின்னால நொண்டிக்கிட்டு வரணும். இவ்வளவு வயலைத் தாண்டியும் தாளம் தப்பாமதானே வருது?"

கேட்டேன். தப்பவில்லை. பிறந்ததிலிருந்து காதில் விழுகிற மேளம்... ஒரு நாளாவது இதை யோசித்திருக்கிறேனா?

புதன்கிழமை. பள்ளிக்கூட வாசலில் வேப்பமரத்தடியில் பைக் மேல் உட்கார்ந்திருந்தேன். வெளியே வந்தவளுக்குக் கண் கலங்கியிருந்தது. பைக்கை விட்டு இறங்கி ஓடினேன்.

"என்ன ஆச்சு?"

"எல்லாம் முடியப்போற நேரத்துல பள்ளிக்கூடத் தாளாளர் எழுந்திரிச்சாருங்க. திருத்துறைப்பூண்டிப் பக்கம் நெலம் வச்சிருக்கறவராம். 'ஏம்மா, வேக வேகமா ஆட்டினா அலை சீக்கிரம் வந்துராதா? மேட்டூர்ல கூடுதலாத் தொறந்தா சீக்கிரம் வருதே?'ன்னு கேட்டாரு. அப்படியே நீங்க கேட்ட மாதிரி! எனக்குப் பயமே வரலைங்க. நாயனம், தவில்னு ஆரம்பிச்சேன்... பசங்க கைதட்டிட்டாங்க. திங்கக்கிழமையே வந்து சேரச் சொல்லிட்டாங்க."

எனக்கும் கண் நிறைந்துவிட்டது. புத்திசாலிகள் கேட்கும் கேள்விக்குப் புத்தகத்திலேயே பதில் இருக்கிறது. என்னைப் போன்றவர்கள் கேட்கும் கேள்விக்கு வீட்டில்தான் பயிற்சி எடுக்க வேண்டும். அந்த வகையில் என் மனைவி கொடுத்து வைத்தவள்.

திரும்பும் வழியில் பின்னாலிருந்து கேட்டாள். "ஏங்க, அடுத்த பாடம் மின்னோட்டம். அதைப் பத்தி உங்களுக்கு ஏதாச்சும் தெரியுமா?"

"ஒண்ணுமே தெரியாது."

"நல்லதாப் போச்சு" என்றாள்.