குலுக்கையில் வைத்த காது

என் இடது காதைக் கெடுத்தது அண்ணன் தானியக் குலுக்கைக்குள் பூட்டிய ஒலிபெருக்கியா, அதற்கு முந்தைய கோடையில் கொட்டகுடி ஆற்றில் முங்கிக் குளித்து வந்த சீழா? எனக்கு இருபத்தைந்து வயதாகிறது, இடுப்பில் ஒரு பெண் குழந்தை இருக்கிறது, இன்னும் விடை தெரியவில்லை. பெரிய மண்பானைக்குள் யாரோ ஓயாமல் ஊதுவது போன்ற ஒரு சத்தம் பத்து வயதில் அந்தக் காதுக்குள் புகுந்ததும், அது அடங்கியபோது மற்ற சத்தங்களும் கூடவே போய்விட்டதும் மட்டும் நன்றாக நினைவிருக்கிறது.

அது ஐம்பதுகளின் பின்பாதி. போடிநாயக்கனூரில் எங்கள் வீட்டில் அம்மா, அண்ணன், நான் மூவர்தான் இருந்தோம். அப்பா ஏலத்தோட்டத்தில் கங்காணி, ஆவணியில் காய் எடுப்பு தொடங்கிவிட்டால் மலையை விட்டு இறங்க மாட்டார். என்னைவிட ஒன்பது வயது மூத்த அண்ணன் ஒரு ரேடியோ ரிப்பேர் கடையில் வேலை பார்த்துக்கொண்டே சொந்தமாக ஒரு 'மைக்செட்' சேர்த்துக்கொண்டிருந்தான். அந்நாளில் விசேஷ வீடுகளில் வேப்பமரத்தில் கட்டுகிற 'கொழாய்' ஒலிபெருக்கிகள் அவனுக்குப் பிடிக்காது. "கொழாய் கத்தத்தான் செய்யுது. உறுமி அடிச்சா அடிவயித்துல இடிக்க வேணாமா?" என்பான். அந்த ஆவணியில் அம்மாவின் தம்பிக்கு எங்கள் வீட்டிலேயே கல்யாணம் வைத்தபோது, அந்த இடியை எப்படியும் கொண்டுவந்துவிடுவது என்று இறங்கினான்.

எங்கள் வீட்டு நடையில் ஆள் உயரத்துக்கு ஒரு 'குலுக்கை' நின்றது. மண் உறைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிப் பூசிய தானியக் கூடு அது. மேல் வாய் வழியாகச் சோளத்தைக் கொட்டி, அடியில் இருக்கும் சிறு துளை வழியாக வேண்டியபோது எடுத்துக்கொள்வோம், மற்ற நேரத்தில் துளையைப் பழந்துணியால் அடைத்திருப்போம். புது விளைச்சல் வராத மாதம் என்பதால் குலுக்கை காலியாக இருந்தது. உள்ளே தலையை நீட்டி ஒருமுறை இருமிப் பார்த்த அண்ணனுக்கு, அந்த இருமல் தடித்துத் திரும்பி வந்ததும் வழி கிடைத்துவிட்டது. எஸ்டேட் பங்களா ஒன்றில் கழித்துப்போட்ட பழைய பெரிய ரேடியோவிலிருந்து காகிதக் கூம்பு ஒலிபெருக்கியைக் கழற்றி, ஏலக்காய்ப் பெட்டிப் பலகையில் வட்டமாக ஓட்டை போட்டுப் பொருத்தி, குலுக்கையின் வாயில் கவிழ்த்து, சாணமும் களிமண்ணும் குழைத்துச் சுற்றிலும் பூசினான். இசைத்தட்டை ஓடவிட்டால் சத்தம் வந்தது, ஆனால் போர்வைக்குள் பேசுவதுபோல் அமுங்கி வந்தது. நான் சும்மா இருக்காமல் அடித்துளையின் துணியை உருவினேன். தரை அதிர்ந்தது.

உருவியது நான்தான். இதை மறைத்துவிட்டு அவனை மட்டும் குற்றம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

துளை எவ்வளவு அகலம் இருந்தால் இடி அதிகம் விழும் என்று பார்ப்பதே அதன்பிறகு வேலையாயிற்று. இதை அளக்கக் கருவி எதுவும் அவனிடம் இல்லை. என் காது இருந்தது. பள்ளி விட்டு வந்ததும் பையைப் போட்டுவிட்டுத் தரையில் ஒருக்களித்துப் படுத்து, இடது காதைத் துளையில் ஒட்டி வைத்துக்கொள்வேன். அவன் கரண்டிக் காம்பால் மண்ணைச் சுரண்டித் துளையைப் பெரிதாக்குவான், தட்டைப் போடுவான், குமிழைத் திருகுவான், "இப்ப கூடுதா, கொறையுதா?" என்பான். கல்யாணத்துக்கு முந்தைய பத்து நாளும் இப்படித்தான். ஒருநாள், "அண்ணே, காது கூவுது" என்றேன்.

"கூவட்டும். அப்பத்தான் சரியா வருதுன்னு அர்த்தம்" என்றான். பிறகு கொஞ்சம் யோசித்து, "வலிக்குதா?" என்று கேட்டான்.

வலித்தது. வலிக்கவில்லை என்றேன். கடைக்கு வரும் அவன் சேக்காளிகளில் ஒருவனைக்கூட அவன் அந்தத் துளைக்கருகே விடவில்லை, என் சொல்லை மட்டும் நம்பினான். அந்தப் பெருமையை இழக்க எனக்கு மனமில்லை. அந்த வயதுப் பிள்ளையின் சொல்லை ஒரு பெரியவன் அப்படியே எடுத்துக்கொள்ளலாமா என்று இன்று கோபம் வருகிறது. பொய் சொன்னது யார் என்று அடுத்த நிமிடமே தோன்றுகிறது.

கல்யாணத்தன்று இடி விழுந்தது. அலமாரியில் வெண்கலத் தட்டுகள் நடுங்கின, பெண்வீட்டார் கட்டிய இரண்டு கொழாய்களை யாரும் கவனிக்கவில்லை, சிலமலையிலிருந்து வந்த பெண்கள் குலுக்கையில் கையை வைத்துப் பார்த்துச் சிரித்தார்கள். பெண்ணின் பெரியப்பா, "மாப்ளே, எங்க தேவாரம் ஊருக் காட்டுல ஆனை பொருமுனா இப்பிடித்தான் கேக்கும். கதவச் சாத்துங்கப்பா" என்றார். அண்ணனைத் தோளில் தூக்காத குறை. என்னிடம் ஒரு அத்தை ஏதோ கேட்டாராம், நான் திரும்பவே இல்லையாம். அவர் இடது பக்கம் நின்றிருந்தார்.

பள்ளியில் டீச்சர் கூப்பிட்டபோதும் நான் திரும்பவில்லை. திமிர் என்று பெஞ்சின்மேல் நிறுத்தினார். அம்மா ஒரு வாரம் பூண்டெண்ணெய் காய்ச்சி ஊற்றினாள், பிறகு என்னை அடுப்படிக்குள் இழுத்துக் கதவைச் சாத்திக்கொண்டு சொன்னாள்: "ஆத்தா, இத யாருட்டயும் சொல்லிராத. அண்ணன்ட்டயும் சொல்லாத, அவன் ஊரெல்லாம் ஒளறிருவான். நாளைக்கு ஒன்னயப் பொண்ணு கேட்டு வர வேணாமா?" மதுரைக்குக் கூட்டிப்போய்ப் பெரிய டாக்டரிடம் காட்டியிருக்கலாம். ஊருக்குத் தெரிந்துவிடும் என்ற பயத்தில் காட்டவில்லை. படித்து முடித்து நானே தனியாகப் போய்க் காட்டியபோது, சீழும் காரணமாக இருக்கலாம், சத்தமும் காரணமாக இருக்கலாம், இத்தனை வருஷம் கழித்து என்ன சொல்வது என்று அந்த டாக்டர் கடிந்துகொண்டார். அம்மா பயந்தது எனக்காகத்தான், தெரியும். தெரிந்தும் அந்தச் சாத்திய கதவை நினைத்தால் பல்லைக் கடிக்கிறேன்.

சிமெண்டுத் தரை போடும்போது குலுக்கையை உடைத்து அள்ளிவிட்டார்கள். அந்த வீட்டுக்குப் போனால் இன்று அப்படி ஒன்று நின்றதற்கு அடையாளமே இல்லை. அண்ணன் இப்போது பெரிய மைக்செட்காரன். தை மாதம் என் மகளுக்குக் காதுகுத்து, தாய்மாமன் என்ற முறையில் அவன் மடியில்தான் அவள் உட்கார வேண்டும். போன வாரம் வந்தவன், தன் சீராகப் புதிதாகச் செய்த இரண்டு மரப்பெட்டி ஒலிபெருக்கிகளைக் கொண்டுவந்து மணைக்கு இருபுறமும் நிறுத்தப்போவதாகச் சொன்னான். "அன்னிக்கு எனக்கு மீட்டரே எந்தங்கச்சி காதுதான் மாப்ளே" என்று என் கணவரிடம் சொல்லிச் சிரித்தான். அவரும், "இப்ப நாலு தடவ கூப்பிட்டாத்தான் மச்சான் திரும்புறா" என்று சிரித்தார். நான் காப்பித் தம்ளரைக் கீழே வைத்துவிட்டு உள்ளே போய்விட்டேன். அங்கேயே நின்றிருந்தால் கத்தியிருப்பேன்.

இந்தப் பத்திரிகை எங்கள் வீட்டுக்கு வருகிறது, என் காது விஷயம் இன்னும் தெரியாத என் கணவரும் படிப்பார். ஆகவே இது அச்சாகும் முன் அவரிடம் சொல்லிவிடுவேன். எனக்கு வழி தெரியாதது அண்ணனிடம்தான். தாய்மாமன் சீரை வேண்டாமென்றால் உறவே முறிந்துவிடும், காரணத்தைச் சொல்லாமல் மறுத்தால் படித்த திமிர் என்பார்கள். காரணத்தைச் சொன்னால் அவன் உடைந்து அழலாம், அல்லது சீழ்தான் காரணம் என்று சிரித்துத் தள்ளலாம். இரண்டாவது நடந்தால் நான் என்ன பேசுவேன் என்று எனக்கே பயமாக இருக்கிறது. என் மகளுக்கு அவள் மாமன் மடி வேண்டும், அந்தப் பெட்டிகள் வேண்டாம். தை பிறக்க இன்னும் சில வாரங்களே இருக்கின்றன. பிள்ளை பெற்று வளர்த்தவர்கள், அண்ணன் தம்பியோடு பிறந்தவர்கள், இதை எந்த வார்த்தையில் தொடங்கலாம் என்று எனக்கு எழுதுங்கள்.