இரண்டே பேர் உட்காரும் வண்டி

எங்களுக்குக் கல்யாணமாகி ஓராண்டு ஆவதற்குள் என் கணவர் சோழவரத்துக்குக் கார் பந்தயம் பார்க்கப் போய் மனத்தைப் பறிகொடுத்துவிட்டு வந்தார். அறுபதுகளின் நடுவில் நடந்தது இது. பந்தயத்தில் ஓடிய பழைய இங்கிலீஷ் வண்டி ஒன்று விலைக்கு வருகிறது என்று கேள்விப்பட்டார். புதுவாயலில் அரிசி மில் நடத்திக்கொண்டிருந்தவர், மறுவாரமே அதை வாங்கி எங்கள் வீட்டு வாசலில் கொண்டுவந்து நிறுத்தினார். கரும்பச்சை நிறம், நீண்ட மூக்கு. கூரை கிடையாது. மழை வந்தால் இழுத்து மூட ஒரு கான்வாஸ் துணி உண்டு. அதுவும் பாதியில் சிக்கிக்கொள்ளும்.

மாமியார் வண்டியை ஒருமுறை சுற்றிவந்தார்.

"பின் சீட்டு எங்க?"

"இது ஸ்போர்ட்ஸ் காரும்மா. ரெண்டு பேருதான் குந்தலாம்."

"ஊட்ல மூணு பேரு கீறோமே நைனா. நான் இன்னா, அந்த மூக்கு மேல குந்திகினு வரணுமா?"

ஞாயிற்றுக்கிழமைகளில் என் கணவர் வண்டிக்கடியில் படுத்திருப்பார். கால்கள் மட்டும் வெளியே தெரியும். சாப்பாடு ஆகிவிட்டது என்று அந்தக் கால்களிடம்தான் சொல்லிவிட்டு வருவேன்.

நான் கர்ப்பமானதும், பிரசவத்துக்குப் பொன்னேரி ஆஸ்பத்திரிக்கு அதில்தான் கூட்டிப்போவேன் என்று ஊரெல்லாம் சொல்லிவைத்தார். பத்தே நிமிஷமாம்.

ஒருநாள் காலையில் வலி கண்டது. அவர் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றார். இருக்கையோ தரையை ஒட்டிக் கிடந்தது. நேராக நுழையப் பார்த்தேன், பக்கவாட்டில் பார்த்தேன். வயிறு இடம் கொடுக்கவில்லை.

"கொஞ்சம் மூச்ச இழுத்துப் புடியேன்" என்றார். அந்த வலியிலும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

மாமியார் மில்லுக்கு நெல் இறக்க வந்திருந்த மாட்டு வண்டியைக் கூப்பிட்டு, வைக்கோலைப் பரப்பி, மேலே ஜமக்காளம் விரித்து என்னை ஏற்றித் தானும் ஏறிக்கொண்டார்.

"நான் முன்னாடி போய் டாக்டர்கிட்ட சொல்லி வெக்கிறேன்" என்று என் கணவர் காரில் சீறிக்கொண்டு போனார். புழுதி அடங்க வெகுநேரமானது.

பொன்னேரி ரயில்வே கேட்டை நாங்கள் நெருங்கியபோது அது திறந்துதான் இருந்தது. ஓரத்தில் ஒரு கூட்டம். நடுவே பச்சை வண்டி, அதன்மேல் சாய்ந்தபடி என் கணவர். ரயிலுக்காகக் கேட் மூடியபோது இன்ஜினை நிறுத்தியிருக்கிறார். பிறகு அது கிளம்பவே இல்லை. கூட்டம் தள்ளியும் பார்த்துவிட்டது.

மாமியார் மாடுகளை நிறுத்தச் சொன்னார்.

"வரியா நைனா? இதுல எடம் கீது."

அவர் தன் காரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். கேட்காரரிடம் சாவியைக் கொடுத்துவிட்டு வந்து ஏறி, வைக்கோலில் உட்கார்ந்து என் கையைப் பிடித்துக்கொண்டார். பிடி இறுக்கமாகத்தான் இருந்தது. கண் மட்டும் அவ்வப்போது பின்னால் போய்வந்தது.

சாயங்காலம் பெண் பிறந்தாள்.

வீட்டுக்குத் திரும்பும்போது, அதற்குள் அவர் சரிசெய்துவிட்டிருந்த அந்தக் காரில்தான் போனோம். இப்போது எனக்கு இடம் இருந்தது. குழந்தைக்கு என் மடி. பந்தயத்தில் பறந்த வண்டியை அவர் நடை வேகத்தில் ஓட்டிக்கொண்டு போனார். சைக்கிளில் வந்த ஒருவர் எங்களைத் தாண்டும்போது குனிந்து, "இன்னா சார், மறுபடியும் மக்கரா?" என்று கேட்டார்.

"இல்லப்பா. கொழந்த தூங்குது."

வீட்டு வாசலில் மாமியார் ஆரத்தித் தட்டோடு நின்றிருந்தார். எங்களுக்குப் பின்னால் பஸ்ஸில் கிளம்பியவர் அவர்.