இடம் பார்க்கும் அண்ணி

எங்கள் அண்ணிக்கு வீட்டில் வைத்த பெயர் விசாரணைக் கமிஷன். வேலை என்னவோ குடும்பங்களைப் படமெடுப்பதுதான். ஆனால் கேமராவைத் தொடுவதற்கு முன்னால் இரண்டு நாள் கேள்வி கேட்டே உயிரை எடுத்துவிடுவார். "சண்டை போட்டா யார் எங்க போய் உக்காருவீங்க? சந்தோஷமான சேதி வந்தப்போ எங்க நின்னுட்டிருந்தீங்க?" யாராவது பூங்கா என்று வாயைத் திறந்தால் போதும், முகம் சுளிப்பார். ஒரு குடும்பத்தை மருந்துக்கடை வாசலில் எடுத்தார், இன்னொன்றை லிஃப்டுக்குள். "விட்டா கல்யாண ஜோடியைக் குப்பைத்தொட்டி பக்கத்துல நிக்க வெப்பா" என்பான் என் அண்ணன்.

நான் அவருக்கு நாத்தனார். கார் ஓட்டுவது, சாமான் தூக்குவது, வாயை மூடிக்கொண்டிருப்பது இந்த மூன்றும் என் பொறுப்பு. மூன்றாவதில் நான் கொஞ்சம் வீக்.

ஒன்பது வயது மகளைக் கூட்டிக்கொண்டு ஒரு தையல்காரம்மா வந்தபோது ஒரே ஒரு நிபந்தனைதான் போட்டாள். முகம் தெரியக் கூடாது. கூச்ச சுபாவம் போலிருக்கிறது என்று நாங்கள் நினைத்துக்கொண்டோம். அண்ணிக்கோ தலைகால் புரியாத குஷி. துருவித் துருவி நான்கு இடங்களைப் பிடித்தார். சனிக்கிழமை காலையில் இருவரும் துணி துவைக்கப் போகும் சலவைக்கடை, நூலகத்தின் கடைசி மேசை, பஸ் நிலையத்தில் ஒரு பெஞ்சு, வீட்டு ஜன்னல். "முகமே வேண்டாம். இவங்க யாருன்னு இடமே சொல்லிடும் பாரேன்" என்றார். நானும் பூம்பூம் மாடு மாதிரி தலையாட்டினேன்.

சலவைக்கடைப் படம் அற்புதமாக வந்திருந்தது. சுழலும் மெஷின்களுக்கு எதிரே இரண்டு முதுகுகள், அம்மா தோளில் சாய்ந்த மகள், பக்கத்தில் துண்டுத்துணிகளை ஒட்டுப்போட்டு அவளே தைத்த பை. அண்ணி அதைத் தன் இணையப் பக்கத்தில் போடலாமா என்று கேட்டதற்கு, "முதுகுதானேக்கா, போடுங்க" என்றாள் அவள்.

இரண்டு வாரம் கழித்து ஒரு சனிக்கிழமை காலை போன் வந்தது. ஒரு ஆள். நல்ல மரியாதையான குரல். அந்தப் படம் மனதை என்னவோ செய்துவிட்டதாம், தன் குடும்பத்தையும் அப்படி எடுக்க வேண்டுமாம். இடத்தைப் பற்றி யாராவது கேட்டால் அண்ணிக்குக் கால் தரையில் நிற்காது. எந்தத் தெரு, எத்தனை மணிக்கு வருவார்கள், ஏன் அந்த இடம் என்று ஒன்று விடாமல் கொட்டினார். நான் எதிரே உட்கார்ந்து பேட்டரிகளைத் துடைத்துக்கொண்டிருந்தேன். கடைசியில் அந்த ஆள் கேட்டது ஸ்பீக்கரில் எனக்கும் கேட்டது.

"பாப்பா இன்னும் விரல் சூப்புறாளா?"

போன் வைக்கப்பட்டுவிட்டது.

அண்ணி என்னைப் பார்த்தார். மணி ஒன்பதே முக்கால். "பத்து மணிக்கு அவங்க அங்க இருப்பாங்கடி" என்றார். தையல்காரம்மாவுக்குப் போட்ட போன் அடித்துக்கொண்டே இருந்தது, எடுக்கவில்லை. அந்த மெஷின் சத்தத்தில் எப்படிக் கேட்கும்?

கார் சாவியை எடுத்துக்கொண்டு ஓடினேன். சும்மா சொல்லவில்லை, வாழ்க்கையில் அப்படிப் பயந்ததே இல்லை. அதைவிடப் பெரிய பயம், முதுகையும் பையையும் வைத்தே அவர்களை அடையாளம் கண்ட அந்த ஆளின் முகம் எங்களுக்குத் தெரியாது என்பது. சலவைக்கடைத் தெருவில் திரும்பியபோது பேப்பர் படித்துக்கொண்டு ஒருவன், செருப்பு வாரைச் சரிசெய்துகொண்டு ஒருவன், சும்மா நின்றுகொண்டு ஒருவன். எல்லாருமே அவன்தான்.

தையல்காரம்மா போர்வையை மடித்துக்கொண்டிருந்தாள். உள்ளே ஓடிய அண்ணியின் முகத்தைப் பார்த்தாள், அவ்வளவுதான். கேள்வியே கேட்கவில்லை. மெஷினில் ஓடிய துணியை அப்படியே விட்டுவிட்டு மகளின் கையைப் பிடித்தாள். கடைக்காரம்மா பின்பக்கக் கதவைத் திறந்துவிட்டாள். நான் சந்துக்குள் வண்டியை விட்டேன். ஏறியதும் அந்தக் குழந்தை, யாரும் சொல்லாமலே, சீட்டுக்குக் கீழே இறங்கிப் படுத்துக்கொண்டது. எத்தனை தடவை செய்திருந்தால் அப்படி வரும்? எனக்குக் கண்ணை மறைத்துக்கொண்டு வந்தது.

"மன்னிச்சிரும்மா, எனக்குத் தெரியாதும்மா" என்று அண்ணி அழுதார்.

"இவ அப்பனைப் பத்தி மட்டும் நீங்க எங்ககிட்ட கேக்கவே இல்லையேக்கா" என்றாள் அவள். கோபமாகச் சொல்லவில்லை. "வேற என்ன சொன்னீங்க?"

"லைப்ரரி."

"ம்."

"பஸ் ஸ்டாண்டு பெஞ்சு."

"ஜன்னல்?"

அண்ணி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். "எதிர்த்தாப்புல பேக்கரி போர்டு தெரியும்னு சொல்லிட்டேன்."

நான் எங்கே போகிறேன் என்று தெரியாமலே ஓட்டிக்கொண்டிருந்தேன். தையல்காரம்மா கீழே குனிந்து மகளின் தலையைத் தடவிவிட்டு, நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"எத்தனையோ பேருக்கு இடம் பாத்துக் குடுத்திருக்கீங்க. எங்களுக்குச் சம்பந்தமே இல்லாத ஒரு இடமா பாத்துச் சொல்லுங்கக்கா."