பன்னிரண்டாவது வேட்டு

மாசாணம் பிறந்த வீடு இருந்த இடத்தில் இப்போது வெறும் காற்றுதான் இருக்கிறது. நம்பாதவர்கள் உக்கடத்தில் பஸ் ஏறி, பாலக்காட்டு ரோட்டில் இறங்கி, இரண்டு மைல் நடந்து குழிமேட்டுக்குப் போய்ப் பார்க்கலாம். பழைய ஊர் முழுக்கச் சுண்ணாம்புக்கல் பாறைமேல் உட்கார்ந்திருந்தது. சிமெண்ட் கம்பெனிக்கு அந்தப் பாறை வேண்டியிருந்தது. அறுபத்து நாலாம் வருடம் ஊர்க்காரர்களைக் கிளப்பி, அரை மைல் தள்ளி வரிசையாக லைன் வீடு கட்டிக் குடிவைத்துவிட்டு, ஊர் இருந்த இடத்தைத் தோண்ட ஆரம்பித்தார்கள். நாற்பத்தைந்து வருடம் தோண்டினார்கள். குவாரியை மூடிவிட்டுப் போன பிறகு நூற்றைம்பது அடிப் பள்ளத்தில் பாதிக்குப் பச்சைத் தண்ணீர் நிற்கிறது. புதிதாக யாராவது வந்தால் மாசாணம் பள்ளத்தின் விளிம்பில் நின்று கையை நீட்டுவார். "அந்தா, கொக்கு பறக்குதுங்களே, அதுதானுங்க எங்கூடு" என்பார்.

கல்லுக்குமேல் கிடந்த வேண்டாத மண்ணையெல்லாம் கிழக்கே கொட்டிக் கொட்டி அது மலையாகிவிட்டது. அதன்மேல் வேம்பும் சீமைக்கருவேலும் முளைத்தன. பிற்பாடு பிறந்த பிள்ளைகள் அது ஆதியிலேயே இருந்த மலை என்று நினைத்துக்கொண்டு பள்ளிக்கூட நோட்டில் படம் வரைந்தன. அதைத் திருத்துவதற்கு யாருக்கும் மனசு வரவில்லை.

மாசாணத்துக்கு இப்போது எழுபத்திரண்டு வயது. குவாரியில் முப்பது வருடம் கொடிக்காரராக இருந்தார். அதென்ன பெரிய வேலை என்று கேட்கிறவர்கள் ஒரு நாள் செய்து பார்த்திருக்க வேண்டும். பாறையில் துளை போட்டு, வெடிமருந்து கெட்டித்து, திரி வைத்திருப்பார்கள். மத்தியானம் ஒரு மணிக்கு மாசாணம் சங்கை மூன்று முறை ஊதவிட்டுச் சிவப்புக் கொடியைத் தூக்கிப் பிடிப்பார். திரி பற்றி, வேட்டு ஒவ்வொன்றாக வெடிக்கும். பன்னிரண்டு துளை என்றால் பன்னிரண்டு சத்தம் கேட்டாக வேண்டும். ஒன்று குறைந்தாலும் ஒரு வேட்டு வெடிக்காமல் உள்ளே கிடக்கிறது என்று அர்த்தம். அதை எடுக்கும்வரை யாரும் குழியில் இறங்கக் கூடாது. எண்ணிக்கை சரியாக வந்துவிட்டால் நீளமாக ஒரு சங்கு.

கல் தெறித்து லைன் வீடுகள்வரைக்கும் வரும். அதனால் பன்னிரண்டேமுக்கால் மணிக்கே ஊர்ச்சனம் முழுக்க, கைக்குழந்தை, காய்ச்சல்காரர் உட்பட, சோற்றுத் தூக்குப்போசியோடு வீட்டைவிட்டுக் கிளம்பி, மண்மலைக்கு அந்தப் பக்கம் கம்பெனி போட்டிருந்த கொட்டகைக்குப் போய்விட வேண்டும். ஐம்பது குடும்பமும் முழங்கால் இடிக்க உட்கார்ந்து அங்கேதான் சாப்பிட்டார்கள். தள்ளி உட்கார வேண்டும் என்று நினைத்தவர்களுக்கும் தள்ளி உட்கார இடமில்லை. சர்ச்சுக்குப் போகிற வேதக்கார வீட்டு மீன்குழம்பு மாசாணத்தின் தட்டுக்கு வரும். அவர் வீட்டுக் கொள்ளுப்பருப்பு அந்தப் பக்கம் போகும். மற்ற ஊர்களில் ஜாதகம் பார்த்துக் கல்யாணம் முடிப்பார்கள். குழிமேட்டில் யார் போசியில் யார் கைவைத்தார்கள் என்று பார்த்தாலே போதும். மாசாணம் பொன்னாத்தாளைக் கட்டியது அப்படித்தான். பிள்ளைகள் எண் படித்ததும் வேட்டுச் சத்தத்தில்தான். பன்னிரண்டுக்கு மேலே போனால் தடுமாறுவார்கள் என்று வாத்தியார் தலையில் அடித்துக்கொள்வார்.

அதையெல்லாம் நினைத்தால் மாசாணத்துக்கு இப்போதும் நெஞ்சு நிறைந்துபோகும். தூசியும் இருமலும் இருந்ததை அவர் மறக்கவில்லை. ஆனாலும் டிவிக்கு முன்னால் தனியாக உட்கார்ந்து தின்கிற சோறு அவருக்கு இறங்குவதே இல்லை.

அந்தக் கொட்டகை ஞாபகத்தில் ஒரு நாளை மட்டும் அவர் தொடமாட்டார். தொண்ணூற்றொன்று, தை மாதம். கூடவே நின்று எண்ணுகிற மேஸ்திரி கோவிந்தராஜுலு, காங்கேயத்தில் ஒரு கல்யாணம் என்று லீவு போட்டிருந்தார். அந்த வருடம்தான் மண்மலை ஓர் உயரத்துக்கு மேல் வளர்ந்து, சத்தத்தைத் திருப்பி அனுப்பத் தொடங்கியிருந்தது. எட்டாவது வேட்டுக்குப் பின்னால் ஒரு சத்தம் கேட்டது. அது ஒன்பதாவது வேட்டா, மலையில் பட்டுத் திரும்பியதா என்று மாசாணத்துக்கு ஒரு சந்தேகம் தட்டியது. கீழே லாரிகள் வரிசையாக நின்றன. கொடியை இறக்காமல் நின்றால் அன்றைய வேலை கெட்டது, மேலே இருக்கிறவர்கள் வைவார்கள். ஒன்பது என்று வைத்துக்கொண்டார். பன்னிரண்டு என்று முடித்தார். சங்கு நீளமாக ஊதியது.

முதலில் இறங்கியது ஞானமுத்து. துளை போடுகிறவர், மாசாணத்தின் சேக்காளி. அவர் கம்பியை வைத்த இடத்தில் அந்தப் பன்னிரண்டாவது வேட்டு கிடந்தது. உயிர் தப்பியது, இரண்டு கண்ணும் போய்விட்டன. விசாரணைக்கு வந்தவர்கள் எத்தனை சத்தம் கேட்டது என்று கேட்டார்கள். பன்னிரண்டு என்றார் மாசாணம். அப்படியானால் முந்தின நாள் மிச்சமாகக் கிடந்த மருந்து என்று எழுதிக்கொண்டு போனார்கள்.

ஞானமுத்துவும் அவர் மனைவி இருதயம்மாளும் குவாரி வாசலில் டீக்கடை போட்டார்கள். கண் போன மறுவாரத்திலிருந்தே மாசாணம் தினமும் காலையில் முதலில் ஆஸ்பத்திரிக்கும், கடை வந்தபின் கடைக்கும் போய்ப் பேப்பர் படித்துக் காட்ட ஆரம்பித்தார். வரிவிளம்பரம், மழை நிலவரம் எதையும் விடாமல் படிப்பார். ஞானமுத்து இடையிடையே கேலி பேசுவார். குவாரி மூடியது, லாரிகள் நின்றன, லைன் வீடுகள் ஒவ்வொன்றாகக் காலியாகின. பேப்பர் மட்டும் நிற்கவில்லை. முப்பத்தோரு வருடம். இப்படியொரு சிநேகிதத்தைப் பார்த்ததில்லை என்று சனங்கள் சொல்லும்போதெல்லாம் மாசாணத்துக்கு எங்காவது ஓடிவிடலாம் போலிருக்கும். சொல்லிவிட வேண்டும் என்று தினமும் நினைத்தார். தினமும் பேப்பரை மடித்துக்கொண்டு திரும்பினார். இரண்டு வருடத்துக்கு முன்னால், சொல்லாமலே, ஞானமுத்துவை மண்ணில் வைத்தாயிற்று.

போன வாரம் இருதயம்மாளும் ஊரைவிட்டுக் கிளம்பினார். பெரியநாயக்கன்பாளையத்திலிருந்து மகள் ஜோஸ்லினும் மருமகன் மெர்வினும் டெம்போ கொண்டுவந்திருந்தார்கள். இனி விட்டால் கேட்கிறதுக்கும் ஆளில்லை என்று மாசாணத்துக்குத் தெரிந்தது. மகளும் மருமகனும் பீரோவோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்த நேரம் பார்த்துச் சமையலறை வாசலில் போய் நின்றார்.

"அம்மணி, போறதுக்கு முன்னால ஒண்ணு சொல்லோணுமுங்க."

"சொல்லுங்ண்ணா."

"அன்னிக்கு வெடிச்சது பதினொண்ணுதானுங்க. மலையில பட்டு வந்த சத்தத்தையும் சேத்தி எண்ணிப்போட்டேன். சந்தேகம் இருந்துச்சுங்க. தெரிஞ்சேதான் சங்கு ஊதுனேன். கேக்க வந்தவங்ககிட்டயும் பொய் சொல்லிப்போட்டேன்." தோளில் கிடந்த துண்டைக் கையில் எடுத்துக்கொண்டார். "அவன் கண்ணப் புடுங்குனது நானுங்க."

இருதயம்மாள் டம்ளர்களைத் துணியில் சுற்றிக்கொண்டிருந்தார். கை நிற்கவில்லை.

"தெரியுமுங்ண்ணா" என்றார். "அவருக்கும் பதினொண்ணுதான் கேட்டுச்சாம். கட்டோட ஆஸ்பத்திரியில படுத்துட்டிருக்கறப்பவே சொன்னாரு. சங்கு கேட்டதும், மாசாணம் ஊதிட்டானே, எனக்குத்தான் காது தப்பீருச்சாட்ட இருக்குதுன்னு எறங்கீட்டாராம்."

மாசாணம் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டார். "அப்பறம் ஏனுங்க யாருகிட்டயும் சொல்லுல?"

"நான் சொல்லியே தீருவேன்னுதான் நின்னேன். அவரு உடுல. சொன்னா மாசாணம் இந்தப் பக்கம் தலவெச்சும் படுக்கமாட்டான், அப்பறம் எனக்குப் பேப்பர் யாரு படிப்பான்னு கேட்டாரு."

வெளியே பீரோ டெம்போவில் ஏறிய சத்தம் கேட்டது. முப்பத்தோரு வருடமும் ஞானமுத்து தெரிந்தே சிரித்திருக்கிறார், தெரிந்தே கேலி பேசியிருக்கிறார். மாசாணம் அங்கேயே குந்தவைத்து உட்கார்ந்து சின்னப் பிள்ளைபோல அழுதார்.

இருதயம்மாள் அவரை அழவிட்டார். பிறகு, கடைசி டம்ளரையும் சுற்றி வைத்துவிட்டுப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"அவருக்கு ஆறீருச்சுங்ண்ணா. எனக்குத்தான் ஆறுல. மொதல் ரெண்டு வருசம் உங்க டீக்கு நான் சக்கரையே போடுலீங்க."

மாசாணம் துண்டால் முகத்தைத் துடைத்தார். "சக்கரை வெல ஏறிப்போச்சாட்ட இருக்குதுன்னு நெனச்சனுங்க."

இருதயம்மாளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டார். பாதியிலேயே அது அழுகையாகத் திரும்பியது.

"ஏன்னு ஒரு நாளாச்சும் கேப்பீங்கன்னு பாத்தனுங்ண்ணா. கேட்டிருந்தீங்கன்னா அன்னிக்கே எல்லாத்தையும் கொட்டியிருப்பேன். நீங்க என்னன்னா, டீ நல்லா இருக்குதுன்னு சொல்லிக் குடிச்சுப்போட்டுப் போனீங்க."