திருநீறு பூசிய பதினெட்டுக் கற்கள்

எனக்கு முன்கோபம் அதிகம். ஆனால் அன்று யார்மேல் கோபப்படுவது என்றே தெரியவில்லை. யோசனை கொடுத்தவளே நான்தான்.

கோவையில் நான் படித்த கல்லூரியிலேயே, நிலவியல் துறையில் தற்காலிக விரிவுரையாளராகச் சேர்ந்து மூன்று மாதம் ஆகியிருந்தது. ஆயுத பூஜை விடுமுறைக்கு முந்தைய நாள். ஆய்வகத்தைப் பார்த்துக்கொள்ளும் அக்கா, மைக்ராஸ்கோப்புக்கும் தராசுக்கும் பொட்டு வைத்துக்கொண்டிருந்தார். சோமனூரில் எங்கள் வீட்டில் தறியிலிருந்து ஸ்பேனர் வரை எல்லாவற்றையும் கழுவிப் பூஜை போடுவோம். அந்த நினைப்பில், "ஏனுங்க அக்கா, கல்லை மட்டும் எதுக்கு விட்டுப்போட்டீங்க? அதுதானே நம்ம ஆயுதம்," என்று சொல்லிவிட்டு வகுப்புக்குப் போய்விட்டேன். நுணலும் தன் வாயால் கெடும் என்பது சும்மாவா?

திரும்பி வந்தால், மேஜைமேல் பதினெட்டு மாதிரிக் கற்கள் குளித்து முடித்து, மூன்று பட்டைத் திருநீறும் நடுவில் குங்குமமுமாக வரிசையாக உட்கார்ந்திருந்தன. முன்னால் ஒரு தட்டுப் பொரி. கற்களில் ஒட்டியிருந்த எண் சீட்டுகள் வாளித் தண்ணீரில் மிதந்தன.

"பளபளன்னு தேச்சுப்போட்டேனுங்க மேடம்," என்றார் அக்கா பெருமையாக.

எந்த எண் எந்தக் கனிமம் என்று பதிவேட்டில் இருந்தது. எந்தக் கல் எந்த எண் என்பது போய்விட்டது. விடுமுறை முடிந்த முதல்நாள் காலையில் பல்கலைக்கழகச் செய்முறைத் தேர்வு. விடுமுறைக்காக அன்றைக்கே மாலை ஐந்து மணிக்குக் கட்டடத்தைப் பூட்டிவிடுவார்கள்.

அதைவிடப் பெரிய சிக்கல் இன்னொன்று. மாணவியாக இருந்தபோது இந்தக் கற்களை நான் உருப்படியாகச் சோதித்ததே இல்லை. நாலாம் எண் கலீனா, ஏழும் பதினொன்றும் கால்சைட் என்று எண்ணைப் பார்த்துப் பெயர் எழுதித் தேறியவள். இப்போது எண்ணே இல்லை. எனக்குத் தொழில் தெரியுமா தெரியாதா என்பது ஐந்து மணிக்குள் தெரிந்துவிடும்.

முதலில் வெள்ளைக் கற்கள். நீர்த்த அமிலம் ஒரு சொட்டு விட்டால் கால்சைட் நுரைக்கும். நுரைத்தது. அடுத்ததும் நுரைத்தது. அதற்கடுத்ததும்! சந்தேகப்பட்டு, கையில் கனத்த ஈயச் சாம்பல் நிறக் கல்லில் விட்டேன். அதுவும் பொங்கியது. அமிலம் கெட்டுவிட்டதா, எனக்குத்தான் புத்தி கெட்டுவிட்டதா?

"கல்லுக்கெல்லாம் அருள் வந்துருச்சுங்களா?" என்றார் அக்கா.

சுள்ளென்று திட்ட வாயெடுத்தவள் நிறுத்தினேன். நுரை பட்டையின்மேல் மட்டும்தான் இருந்தது. திருநீற்றை ஒரு கண்ணாடித் துண்டில் சுரண்டிப் போட்டு அமிலம் விட்டேன். பொங்கு பொங்கு என்று பொங்கியது. கடைத் திருநீறு, கால்சைட் போலவே நுரைக்கும் சுண்ணாம்புக்கல் தூள் கலந்தது.

"திருநீறுங்க அக்கா! கல்லு பொங்கல, திருநீறு பொங்குது!" குதித்தேவிட்டேன்.

பூசிய திருநீற்றை அழிப்பதா என்று அக்கா கொஞ்சம் தயங்கினார். பிறகு, "புள்ளைங்க பரீட்சைக்குத்தானுங்க, சாமி கோவிச்சுக்காது," என்று அவரே பழைய பல் துலக்கும் பிரஷ்ஷோடு வந்தார்.

அதன்பிறகு எனக்கு உற்சாகத்தில் தலைகால் புரியவில்லை. பொன்னிறக் கற்கள் இரண்டில், ஒன்றைக் கத்தி கீறியது, அது சால்கோபைரைட். மற்றதில் கத்திதான் வழுக்கியது, பைரைட். சாம்பல் கல் ஓரத்தில் குட்டிக் குட்டிக் கனசதுரங்களாக உடைந்திருந்தது, கலீனா. பழுப்புக் கல்லைப் பொடித்து அமிலம் விட்டதும் அழுகிய முட்டை நாற்றம் எழ, அக்கா மூக்கைப் பொத்திக்கொண்டு வராந்தாவுக்கு ஓடினார். ஸ்ஃபாலரைட்! தெளிந்த கால்சைட் வழியே தட்டைப் பார்த்தேன். ஒவ்வொரு பொரியும் இரண்டிரண்டாகத் தெரிந்தது. ஐந்து வருடம் படித்தும் இதைக் கண்ணால் பார்த்தது அன்றுதான். வெட்கமாகவும் இருந்தது, சந்தோஷமாகவும் இருந்தது.

நாலரைக்குக் கடைசிக் கல். பதிவேட்டின்படி மிச்சமிருந்த பெயர் இரண்டாவது கால்சைட். அமிலம் விட்டேன், அசையவில்லை. கத்தியால் சுரண்டிப் பொடியில் விட்டேன், மெல்ல நுரைத்தது. மூன்று தடவை செய்தேன். பொடித்தால்தான் நுரைக்கும் என்றால் டோலமைட். பதிவேட்டில் டோலமைட்டே கிடையாது.

பதிவேட்டை நம்புவதா, என் கையை நம்புவதா? தப்பானால் மானமும் போகும், வேலையும் போகும். புதுச் சீட்டில் எழுதி ஒட்டினேன், டோலமைட் என்று.

தேர்வன்று வெளியூரிலிருந்து வந்த தேர்வாளர், பதிவேட்டையும் என் சீட்டையும் மாற்றி மாற்றிப் பார்த்தார். "ஏனுங்க மேடம், இது கால்சைட்னுல்ல இருக்குது?"

"சோதிச்சுப் பாருங்க சார்," என்றேன். மாணவர்கள் எல்லாரும் எங்களையே பார்த்தார்கள். கல்லில் ஒரு சொட்டு விட்டார். ஒன்றுமில்லை. என் கத்தியை வாங்கிச் சுரண்டி, பொடியில் விட்டார். நுரைத்தது. சிவப்புப் பேனாவால் பதிவேட்டில் கால்சைட்டை அடித்து, டோலமைட் என்று எழுதிக் கையெழுத்தும் போட்டார்.

கல்லைத் தட்டில் திருப்பி வைத்தபடி அக்கா கேட்டார்: "அப்ப இத்தன வருசமா புள்ளைங்க எழுதுனது தப்புங்களா?"

"தப்புத்தானுங்க அக்கா. நானும் கால்சைட்டுன்னுதான் எழுதுனேன். நூத்துக்கு நூறு போட்டாங்க."