சீனிக்குச் சொன்ன ஓம்

போன கிழமை எனக்கு ஒரு வீடியோ வந்தது. ஒரு நிமிடம்கூட இல்லை. அதைப் பார்த்த நாளிலிருந்து போனைக் குப்புறத்தான் வைக்கிறேன்.

விஷயம் இதுதான். குச்சவெளிக் கரையில் மீன் ஏற்றுமதி நிலையம் கட்ட மூன்று நாடுகள் கைகோத்திருக்கின்றன. 'அனைவரையும் உள்வாங்கும் பொருளாதார ஒத்துழைப்பு' என்று பேனர். திருகோணமலைத் துறைமுகத்தைப் பார்த்தபடி ஒரு ஹோட்டல் மண்டபத்தில் கூட்டம். மொழிபெயர்ப்பாளர்? அடியேன்தான்.

வெளிநாட்டு அதிகாரி நிதானமாகப் பேசினார். கரை வேலிக்குள் போகும், சிலருக்கு வேலை கிடைக்கும் என்று நான் தமிழில் சொல்லச் சொல்ல, கரைக்காரரோடு முன்வரிசையில் இருந்த யோகராணி அக்கா தலையாட்டினார். "ஓம்... ஓம்..." அந்தக் கரை மணலில் கருவாடு போட்டுத்தான் அவர் இரண்டு பிள்ளைகளைப் படிக்க வைக்கிறார்.

எங்கள் ஊரில் ஓம் என்றால் சம்மதம். 'கேட்டுக்கொண்டிருக்கிறேன், மேலே சொல்லுங்கள்' என்பதற்கும் அதே ஓம்தான். இது எனக்குத் தெரியாதா? வாய்ப் பழக்கத்தில் ஒவ்வொன்றையும் 'யெஸ்' ஆக்கினேன்.

கடைசியில் அக்கா கேட்டார்: "அப்ப நாங்கள் கருவாடு எங்க காயப்போடுறது, தம்பி?"

மொழிபெயர்க்க வாயைத் திறந்தேன். தேநீர் வந்துவிட்டது. எல்லோரும் எழுந்துவிட்டார்கள்.

வீடியோவுக்கு வருவோம். அந்தக் கூட்டத்தில் எடுத்ததை ஏற்பாட்டாளர்கள் வெட்டி ஒட்டி அனுப்பியது. முகம் முகமாக வருகிறது. ஒவ்வொரு வாயும் ஒரே தடவை திறக்கிறது — ஓம். அடுத்த முகம் — ஓம். கேள்விகள் இல்லை, ஒரு இருமல்கூட இல்லை. வலைக்காரர் ஒருவரின் ஓம் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. தேநீர் கொடுத்தவர் "சீனி போடவோ?" என்று கேட்டதற்கு அவர் சொன்னது அது. கீழே ஆங்கிலத்தில் ஓடுகிறது: முழுச் சம்மதம்.

கடைசி முகம் அக்காவுடையது. திரை கறுக்கிறது. கறுத்த பிறகும் இன்னொரு ஓம்... என் குரல். யார் எதைக் கேட்டு நான் அதைச் சொன்னேன்? இன்றுவரை ஞாபகம் வரவில்லை.

பயந்துபோய் ஏற்பாட்டாளர்களுக்கு எழுதினேன். அது சம்மதம் இல்லை, பிழை என்னுடையது என்று. 'உங்கள் கருத்து உள்வாங்கப்பட்டது' என்று பதில் வந்தது. சுனாமியன்று கடல் உள்வாங்கியதைக் கண்ணால் கண்ட ஊர் ஐயா இது.

நாடுகள் கூடி வேலை செய்வது நல்லதுதான். யார் வேண்டாம் என்றது? ஆனால் கரைக்காரரைக் கூப்பிட்டு இருத்தி, அவர் வாயிலிருந்து தேவையான ஒரு சொல்லை மட்டும் எடுத்துக்கொண்டு போனால்... அதற்குப் பெயர் ஒத்துழைப்பா?

நேற்றுக் காலை அக்காவின் போன்.

"தம்பி, கரையில வேலிக்கு மஞ்சள் கட்டை நட்டிட்டாங்கள். நான் ஓம் எண்டு சொன்னனானாம். நான் எப்ப சொன்னனான்?"

கேட்டுக்கொண்டே இருந்தேன். நுனி நாக்குவரை வந்த ஓமை விழுங்கினேன்.

"லைன்ல இருக்கிறீங்களோ, தம்பி?"

இருக்கிறேன் என்று சொல்ல எனக்கு வேறு சொல் வரவில்லை.